எந்த மூட்டு, எந்த நேரம்? மூட்டுவலி கேள்வி – பதில்

மூட்டுவலி பற்றி எழுதும் வாசகர்களில் பலர் ரத்தப் பரிசோதனை முடிவோடு கடிதத்தைத் தொடங்குகிறார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தச் சோதனை) இத்தனை, யூரிக் ஆசிட் இத்தனை என்று எண்கள் வருகின்றன. எந்த மூட்டு வலிக்கிறது, காலையில் எழுந்ததும் இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கிறது, எத்தனை வாரமாக இருக்கிறது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். இந்த மூன்றும் தெரியாவிட்டால் அந்த எண்களுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. அதனால் பதில்களை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

எனக்கு வயது 38. மூன்று மாதமாக இரண்டு கை விரல்களும் வீங்கி வலிக்கின்றன. காலையில் மாவு பிசையவோ துணி பிழியவோ முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் மடங்குகின்றன. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை, கால்சியம் குறைவு என்கிறார்கள். சரியா?
– வாசகி, கும்பகோணம்

கால்சியம் குறைந்தால் விரல் மூட்டு வீங்காது. நீங்கள் எழுதியிருப்பது முடக்குவாதத்தின், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸின் போக்கோடு ஒத்துப்போகிறது. வலி இரண்டு கைகளிலும் இருக்கிறது, சிறு மூட்டுகளில் இருக்கிறது, ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டது, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறது. தேய்மான வலியில் காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடும். அதன்பின் உழைக்க உழைக்க வலி கூடும். முடக்குவாதத்தில் நேர்மாறு: ஓய்வில் இறுகும், அசைந்தால் இளகும்.

எந்த வரிசை மூட்டு வீங்கியிருக்கிறது என்று பாருங்கள். முடக்குவாதம் மணிக்கட்டையும், கை முட்டிகளையும் (விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்கள்), விரலின் நடுக்கணுவையும் பிடிக்கும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்தக் கடைசிக் கணுவில் மட்டும் கெட்டியான முண்டு இருந்தால் அது தேய்மானம். கடைசிக் கணு வீங்கி, நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகளும் இருந்தால் சொரியாசிஸ் சார்ந்த மூட்டுவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். உச்சந்தலையிலும் காதின் பின்புறமும் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். யாரையாவது உங்கள் நான்கு முட்டிகளையும் பக்கவாட்டில் சேர்த்து, கைகுலுக்கும் அளவு அழுத்தத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கே சுள்ளென்று வலித்தால் மூட்டின் உள்சவ்வில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆர்.ஏ. ஃபேக்டரைப் பொறுத்தவரை, முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது நெகட்டிவாகவே வரும். அதே சமயம் நோயே இல்லாத முதியவர்களுக்கும், காசநோய், ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும் பாசிட்டிவ் ஆகலாம். ஆகவே அதை வைத்து மட்டும் ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ முடிவு கட்டக்கூடாது. அடுத்ததாக ஆன்டி-சி.சி.பி. என்ற ரத்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், அது பாசிட்டிவ் என்றால் முடக்குவாதம் என்பது ஏறக்குறைய உறுதி. நெகட்டிவ் என்றாலும் நோயைத் தள்ளிவிட முடியாது. கூடவே அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தச் சோதனைகளும், இரண்டு கை, இரண்டு பாத எக்ஸ்-ரேயும் தேவை. மூன்றாம் மாதத்தில் எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தால் அதுவே நல்ல செய்தி. எலும்பு இன்னும் அரிக்கப்படவில்லை. அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் விழும், விழுந்தால் திரும்பாது. சந்தேகம் தீராவிட்டால் கை மூட்டுகளுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தால், வெளியில் தெரியாத சவ்வு வீக்கமும் தெரியும்.

அடுத்து போக வேண்டியது மூட்டுவாத நிபுணரிடம், அதுவும் இந்த மாதமே. வலி மாத்திரை வீக்கத்தைக் கொஞ்சம் அடக்குமே தவிர அரிப்பைத் தடுக்காது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அருகில் நிபுணர் இல்லாவிட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவத் துறையில் காட்டுங்கள்.

என் மனைவிக்கு முடக்குவாதம் என்று மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். ‘புற்றுநோய் மாத்திரை’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படிக் கொடுப்பது? அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்றும் நினைக்கிறோம்.
– வாசகர், திருப்பூர்

முடக்குவாதத்துக்கு உலகெங்கும் முதலில் கையில் எடுக்கும் மருந்து இதுதான். புற்றுநோய்க்குத் தரும் அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. பயப்பட வேண்டியது மருந்தின் பேரைக் கேட்டு அல்ல, சாப்பிடும் முறையில் நேரும் தவறைக் கண்டு.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். பொதுவாக 7.5 முதல் 15 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 20–25 வரை கூட்டுவார்கள். இதைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் ஒரு வாரத்துக்குள் வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று இருக்கும், கடையில் கவரின் மேல் ‘1-0-0’ (தினமும் காலையில் ஒன்று) என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எனவே ஒரு கிழமையை முடிவு செய்து, அந்தக் கிழமையின் பெயரை மருத்துவரையே சீட்டில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். காலண்டரில் வட்டம் போடுங்கள். தவறிப்போய் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டால், தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஃபோலினிக் ஆசிட் என்ற முறிவு மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பலன்.

இன்னொரு பொறி, மாத்திரையின் அளவு. 2.5, 5, 7.5, 10 என்று பல அளவுகளில் கிடைக்கிறது, பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 2.5-இல் நான்கு சாப்பிட்டுப் பழகியவருக்கு, கடையில் 10 மாறி வந்து, அதிலும் நான்கு போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எப்போதும் ஒரே அளவு மாத்திரையையே வாங்குங்கள்.

இதோடு ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் தருவார்கள், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடாத நாளில். வாய்ப்புண், குமட்டல், ஈரல் பாதிப்பு ஆகியவற்றை அது குறைக்கும். ‘வெறும் சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். குமட்டல் இருந்தால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். அப்படியும் தாங்காவிட்டால் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ரத்த அணுக்கள், கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை), ஈரல் சோதனை, ஹெபடைடிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்-ரே பார்த்திருக்க வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் 2–4 வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் 8–12 வாரத்துக்கு ஒருமுறை அணுக்களையும் ஈரலையும் சோதிக்க வேண்டும். வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சிறிய அளவில் ஸ்டீராய்டு தருவார்கள். அது பாலம் மட்டுமே, மெல்ல மெல்லக் குறைத்து எடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தை மாற்றவோ கூட்டவோ கேளுங்கள். அழற்சியைத் தூண்டும் பொருளைக் குறிவைத்துத் தடுக்கும் ‘பயாலஜிக்’ ஊசி மருந்துகளுக்குப் போகும் நிலை வந்தால், உறங்கிக் கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று முதலில் சோதிப்பது நம் நாட்டில் கட்டாயம்.

வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல், தோலில் நீலத்திட்டு, வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாக எழுதும் கோ-ட்ரைமாக்சசோல் இதோடு சேரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கிவிடும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

குழந்தை விஷயத்தை இப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும், ஊனமும் உண்டாக்கும். சாப்பிடும் காலம் முழுக்கக் கருத்தடை வேண்டும். கருத்தரிக்க முயலும் முன் மூன்று மாதம் நிறுத்துவது வழக்கம். அந்த இடைவெளியில் ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற, கர்ப்பத்திலும் தொடரக்கூடிய மருந்துகளுக்கு மாற்றுவார்கள். நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

ஏ.எஸ்.ஓ. டைட்டர் 400 என்று வந்தது. மூட்டுவலிக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்கிறார்கள். எனக்கு வயது 45.
– வாசகி, சேலம்

ஏ.எஸ்.ஓ. கூடியிருந்தால் அண்மையில் தொண்டையிலோ தோலிலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்துபோயிருக்கிறது என்று பொருள். அது மூட்டுநோய்க்கான சோதனை அல்ல. சிறுவர்களுக்குத் தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டுக்கு மூட்டு தாவும் வலியும், காய்ச்சலும், இதயப் பாதிப்பும் வந்தால் ருமாட்டிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க அது உதவும். நீண்ட காலப் பென்சிலின் அவர்களுக்குத்தான். 45 வயதில் இந்த ஒரு எண்ணுக்காக ஊசி போடத் தேவையில்லை. ‘ஆர்த்ரைட்டிஸ் பேக்கேஜ்’ என்று லேப்களில் எல்லாச் சோதனைகளையும் சேர்த்து விற்பதால் வரும் வினை இது. வலியின் காரணத்தை மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது, 78 கிலோ. இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து உட்கார்ந்தே இருக்கிறார். குளுக்கோசமைன், ஜெல் ஊசி, ஆபரேஷன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, மதுரை

உட்கார்ந்தே இருப்பதுதான் அம்மாவின் முழங்காலுக்கு இப்போது பெரிய கெடுதல். தொடையின் முன்பக்கத் தசைதான் முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நடக்காமல் இருந்தால் சில வாரங்களிலேயே அது மெலியும், சுமை முழுவதும் மூட்டின் மேல் இறங்கும், வலி கூடும், இன்னும் நடக்கத் தோன்றாது.

முதல் மருந்து அந்தத் தசைக்கான பயிற்சி. கெட்டியான நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும். ஒரு காலை முழுக்க நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, தொடை இறுகுவது தெரியும்படி 5 முதல் 10 விநாடி பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தரையில் உட்கார முடியாவிட்டால் கட்டிலில் படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிப்பது அடுத்தது. இரண்டு வாரத்தில் இது சுலபமானால், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை ஐந்தில் தொடங்கிப் பதினைந்து வரை கொண்டுபோகலாம். பயிற்சியின்போது லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாளும் வலி நின்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பலரும் மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்து எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். அம்மா 78-இலிருந்து 72-க்கு வந்தாலே மாற்றத்தை உணர்வார். கைத்தடி வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். சம்மணம், குத்துக்கால், அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவது, தரைமட்டக் கழிப்பறை எல்லாம் முழங்காலை முழுக்க மடக்கிச் சுமையேற்றுபவை. மேடையில் நறுக்கட்டும்; கழிப்பறைக்கு மேலே வைக்கும் நாற்காலி மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கிறது.

வலிக்கு முதலில் டைக்ளோஃபினாக் ஜெல்லை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தடவுங்கள். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ வேண்டாம். மாத்திரையாக வலிநிவாரணி சாப்பிடுவதானால் குறைந்த அளவு, குறைந்த நாள் மட்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வயிற்றுப் புண் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. குளுக்கோசமைனுக்குச் செலவழிக்கும் பணத்துக்கு ஈடான பலனை நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. மூட்டுக்குள் போடும் ஜெல் ஊசியும் அப்படித்தான். மூட்டு வீங்கி நீர் கோத்திருக்கும்போது ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், ஆனால் அடிக்கடி போடக்கூடாது.

எக்ஸ்-ரே எடுத்தால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள்; படுத்து எடுத்ததில் மூட்டின் இடைவெளி உண்மையைவிட அகலமாகத் தெரியும். அதேபோல் ‘நாலாம் கிரேடு’ (எக்ஸ்-ரேயில் தேய்மானம் மிக முற்றிய நிலை) என்ற காரணத்துக்காக மட்டும் அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டாம். முறையாகப் பயிற்சி செய்தும் இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, தெருமுனை வரை நடக்க முடியவில்லை என்றால் மூட்டு மாற்றிக்கொள்வதே நல்லது. மாற்றிய மூட்டுகளில் பெரும்பாலானவை இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கின்றன. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அதே தொடைப் பயிற்சிதான் தேவை. ஆகவே எந்த முடிவுக்குப் போனாலும் இன்றே தொடங்கலாம்.

நள்ளிரவில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. மூன்று நாளில் சரியானது. அன்று யூரிக் ஆசிட் 6.1 மட்டுமே. தக்காளி, கீரை, பருப்பு எல்லாம் நிறுத்திவிட்டேன். வயது 47.
– வாசகர், நாகர்கோவில்

இது கவுட், அதாவது யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் சேர்வதால் வரும் வாதம் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கியிருப்பது சகஜம். முழுக்கத் தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சுமார் 6.8-ஐத் தாண்டினால் அது ரத்தத்தில் கரைந்திருக்க முடியாமல் மூட்டில் படிகமாகிறது. உறுதி செய்ய ஐயமற்ற வழி, வீங்கிய மூட்டிலிருந்து நீர் எடுத்து நுண்ணோக்கியில் ஊசி வடிவப் படிகத்தைப் பார்ப்பது.

தக்காளி, கீரை, பருப்பைத் தாராளமாகத் திரும்பச் சாப்பிடுங்கள். அவற்றால் கவுட் கூடுவதில்லை. குறைக்க வேண்டியவை ஈரல், மூளை, குடல், ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி, இறால், பீர் உள்ளிட்ட மது, சர்க்கரை கலந்த குளிர்பானம். பத்தியத்தால் மட்டும் பொதுவாக ஒரு புள்ளி அளவுக்குத்தான் குறையும். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை நீரிறக்கி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள், யூரிக் ஆசிட்டை ஏற்றுவதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

அடுத்த முறை வலி வந்தால் முதல் 24 மணி நேரத்துக்குள் மருந்து வேண்டும்: கால்சிசின் 1 மில்லிகிராம், ஒரு மணி கழித்து 0.5. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இந்த அளவு ஆகாது, எனவே முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். தைலம் தேய்த்து உருவ வேண்டாம். வருடத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தாலோ, சிறுநீரகக் கல் இருந்தாலோ, காதிலும் விரலிலும் வெள்ளை முண்டு தெரிந்தாலோ, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோப்யூரினால் தொடங்க வேண்டும். முதலில் 100 மில்லிகிராம், சில வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழ் வரும்வரை. தொடங்கிய முதல் மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது வலி திரும்ப வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இங்கேதான் பலரும் நிறுத்துகிறார்கள். நிறுத்த வேண்டாம், அதற்குத்தான் முதல் 3–6 மாதம் குறைந்த அளவு கால்சிசினும் சேர்த்துத் தருவது. தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

27 வயது, கணினி வேலை. ஒரு வருடமாக அடி இடுப்பில் வலி. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியால் விழிப்பு வருகிறது. நடந்தால் சரியாகிறது. எம்.ஆர்.ஐ. நார்மல்.
– வாசகர், கோவை

எந்த இடத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தீர்கள் என்று பாருங்கள். வழக்கமாக இடுப்பு முதுகெலும்புக்குத்தான் எடுப்பார்கள். உங்களுக்குப் பார்க்க வேண்டியது முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டை. இளம் வயது, மூன்று மாதத்துக்கு மேல், பின்னிரவில் வலி, ஓய்வில் கூடி அசைந்தால் குறைவது எல்லாம் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் எனும் முதுகெலும்பு மூட்டுவாத வகையைக் காட்டுகின்றன. எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுச் சோதனை துணை செய்யும். நோயில்லாத சிலருக்கும் அது பாசிட்டிவாக இருக்கும். இதில் நாள்தோறும் முதுகை நீட்டும் பயிற்சியும் வலிநிவாரணி மாத்திரையும்தான் முதல் சிகிச்சை, அதற்கு அடங்காவிட்டால் பயாலஜிக் ஊசி. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் முதுகெலும்புக்கு உதவாது. புகை பிடித்தால் விட்டுவிடுங்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

சிக்குன்குனியா வந்து நான்கு மாதம் ஆகிறது. மணிக்கட்டும் கணுக்காலும் இன்னும் வலிக்கின்றன. இது எப்போது போகும்?
– வாசகி, திருநெல்வேலி

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே தணியும். மூன்று மாதத்தைத் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால் மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் பின் முடக்குவாதம் போன்ற நோய் தொடர்வதும் உண்டு. வீட்டில் வேறு யாருக்காவது இப்போது காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும்.

பெயர் ஒட்டாத டப்பாவில் ஒருவர் தரும் சூரணம் சாப்பிட்டு அப்பா இரண்டே நாளில் எழுந்து நடந்தார். ஆறு மாதமாகத் தொடர்கிறார். முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது.
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு நாளில் எழ வைத்து, பசியைத் தூண்டி, முகத்தை உப்ப வைத்து, சர்க்கரையை ஏற்றினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் டப்பாவைத் தூக்கி எறிந்து சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும். திடீரென்று நின்றால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு வந்து உயிராபத்து ஆகலாம். அப்பாவையும் டப்பாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, வாரக்கணக்கில் குறைத்து நிறுத்துவார்கள். எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற சித்த மருத்துவர், பொருள்கள் எழுதிய லேபிளோடு தரும் மருந்து வேறு விஷயம். லேபிளும் ரசீதும் தர மறுப்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

எந்த மூட்டுவலிக்கு மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது?
– வாசகர், விழுப்புரம்

ஒரே ஒரு மூட்டு சில மணி நேரத்தில் வீங்கிச் சூடாகி, அசைக்கவே முடியாமல், காய்ச்சலோ குளிரோ சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சர்க்கரை நோயாளி, முடக்குவாத மருந்து சாப்பிடுபவர், மூட்டு மாற்றிக்கொண்டவர் ஆகியோருக்குக் காய்ச்சல் இல்லாமலும் இது வரும். சீழ் சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் மூட்டு நீரை ஊசியால் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். போகும் வழியில் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். சிறு குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுத்து, காய்ச்சலும் இருந்தால் இதே அவசரம்தான்.